விடியுமுன் எழுதிய என் பாதி

என் அருமை மாப்ள ஆரோக்கியம்,

முதலில் உறுதியான செய்தி. நம் புத்தகத்தில் என் பாதியைப் பதிப்பாளர் நேற்று சாயங்காலம் ஏற்றுக்கொண்டார். ஆதாரம்: பதிப்பாளரே தொலைபேசியில் சொன்னார். ஒற்றை ஆதாரத்தை வைத்து நீயும் நானும் எதையும் அனுப்பியதில்லை என்பதால் ஸ்டெல்லாவிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

"ஆமாண்ணே, எனக்கும் போன் வந்துச்சு. நல்லாத்தான் இருக்குன்னாங்க."

"அதென்ன தங்கச்சி, நல்லாத்தான்?"

"அவங்க எதிர்பாக்கலைல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் உன் மனைவி. அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. அதையும் ஒரு செய்தியாகச் சேர்த்துக்கொள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நம் பேப்பரை எட்டிப் பார்த்துப் படிப்பார் அல்லவா, அப்படி இந்தக் கடிதத்தையும் சிலர் படிப்பார்கள். அவர்களுக்காக ஒரு பத்தி பின்னணி. நீ இதைத் தாண்டிப் போய்விடலாம்.

ஆரோக்கியமும் நானும் புதுக்கோட்டையில் இரண்டு போட்டிப் பத்திரிகைகளின் நிருபர்கள். ஒருவரை ஒருவர் முந்த வேண்டும் என்பது இரண்டு அலுவலகங்களின் விருப்பம். இருவரும் போனதோ ஒரே ஸ்கூட்டரில். ஓட்டுவது அவன், பின்னால் உட்கார்ந்து வழி சொல்வது நான். போன இடங்களில் செய்திக்குள் அடங்காத சங்கதிகள் நிறையக் கண்ணில் பட்டன. ஓய்வுபெற்ற பிறகு அவற்றைப் புத்தகமாக்குவது என்று திட்டம். ஒவ்வொரு சம்பவத்தையும் இருவரும் தனித்தனியே எழுத வேண்டும். அடுத்தடுத்து அச்சிட வேண்டும். ஆரோக்கியம் காலையில் எழுந்து எழுதுகிறவன். தன் பாதியை முடித்துவிட்டுப் போன மாசியில் போய்ச் சேர்ந்தான். என் பாதியில் அப்போது இருந்தவை தலைப்புகள் மட்டும்.

பதிப்பாளர் நயமாகத்தான் சொன்னார். உன் பாதியை மட்டும் போட்டால் புத்தகம் திருவிழா அழைப்பிதழ் கனத்துக்குத்தான் வரும். இரண்டு பேர் பார்த்தது என்பதுதான் இதன் உயிர். என் பாதி வராவிட்டால் தன்னால் போட முடியாது என்றார். ஸ்டெல்லா என்னை அவசரப்படுத்தவே இல்லை. ஒரே ஒரு தடவை, நான் உன் வீட்டு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "கிறிஸ்துமசுக்கு ஜெரால்டு தோகாவுல இருந்து வாரான்ணே. அவங்கப்பா பேரு போட்ட புத்தகம் கைல இருந்தா நல்லாருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். உன் மகன் உன் அடக்கத்துக்கு வந்துவிட்டு, லீவு இல்லை என்று உடனே திரும்பிப் போனவன். இந்தத் தடவை வரும்போது அவன் கையில் கொடுக்க ஏதாவது வேண்டும் என்று அவள் நினைப்பது எனக்குப் புரியாதா?

சாயங்காலங்களில் எழுதிப் பார்த்தேன். காலமெல்லாம் அந்த நேரத்தில் செய்தி அனுப்பிய கை. உட்கார்ந்தாலே 'புதுக்கோட்டை மாவட்டம்' என்று தொடங்கியது. அதனால் உன் வழிக்கு வந்தேன், மாப்ள. விடியுமுன் எழுந்து எழுதுவது என்று ஆவணியில் முடிவெடுத்தேன். நீ சிரிப்பது தெரிகிறது. "மச்சான் சூரியன் உதிக்கிறதப் பாத்ததே இல்ல. அதுக்கு யாரும் பிரஸ் மீட் வைக்கலைல்ல" என்று கலெக்டர் ஆபீஸ் டீக்கடையில் நீ என்னைப் பற்றிச் சொன்னது, நான் எழுதிய எந்தச் செய்தியையும்விட வேகமாகப் பரவியது.

முதல் நாள் அலாரம் அடித்ததும் என் வீட்டுக்காரி கமலா எழுந்து உட்கார்ந்து, "எங்க தீப்பிடிச்சிருச்சு?" என்றாள். அத்தனை வருஷப் பழக்கம். எழுதப் போகிறேன் என்றதும் என்னை உற்றுப் பார்த்தாள். கணக்கு டீச்சராக இருந்தவள். விடை தப்பு என்று தெரிந்தாலும் முழுக்கப் போட்டு முடிக்கட்டும் என்று காத்திருப்பாள். "எந்திரிக்கிறது உங்க இஷ்டம். என்னைய எழுப்பக் கூடாது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். வெள்ளைத்தாள், பேனா, தண்ணீர்ச் செம்பு எல்லாம் இருந்தன. வார்த்தைதான் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கை தானாகப் போனை எடுத்து டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்கு அடித்துவிட்டது.

"சார் வணக்கம். நைட்டு ஏதாச்சும் உண்டா?"

"யாரு, சுப்பையா அண்ணனா? அண்ணே, நீங்க ரிட்டயர்டு ஆயிட்டீங்களே. நான் பார்ட்டிக்கு வந்து கேக் சாப்பிட்டேனே."

"சும்மாதான் கேட்டேன்."

"ஒன்னும் பெருசா இல்லண்ணே. ஆலங்குடி ரோட்டுல ஒரு ஆட்டைக் காணோம்னு வந்து நிக்கிறாங்க. வேணுமா?"

வேண்டாம் என்றேன். ஆனாலும் குறித்துவைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் எழுதியது அந்த ஒரு வரிதான். ஆடு மறுநாள் கிடைத்துவிட்டது, அதையும் விசாரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு போனை அரிசி டிரம்முக்குள் வைக்கத் தொடங்கினேன். நிருபர்கள் வாட்ஸாப் குழுவில் என்னை இன்னும் நீக்கவில்லை. விடியற்காலையில் வரும் ஒவ்வொரு தகவலுக்கும் டிரம் முனகும். ஒருநாள் கமலா உழக்கோடு அரிசி எடுக்கப் போய், "ஏங்க, ஒங்க கீரனூர் விபத்து அரிசிக்குள்ள கெடக்கு, வந்து எடுத்துக்கங்க" என்று கூப்பிட்டாள்.

அடுத்த இடைஞ்சல் எதிர்வீட்டிலிருந்து வந்தது. நம் வருவாய்த்துறை ராமசாமி சாருக்கு இப்போது நடைப்பயிற்சி. இருட்டில் எங்கள் வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்து ஜன்னலோரம் வந்து நின்றுவிட்டார்.

"என்ன சார், வீட்ல யாருக்காச்சும் முடியலையா?"

"இல்லீங்க சார். எழுதிக்கிட்டு இருக்கேன்."

"எழுதுறீங்களா? இந்நேரத்துலயா?" குரலைத் தாழ்த்தினார். "கோர்ட்டுக் கேஸு ஏதும் இருக்கா?"

நான் சொன்ன பதிலை அவர் நம்பவில்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் தெருக்காரர்கள் இரண்டு பேர் ஆப்பிளும் ஹார்லிக்சுமாக நலம் விசாரிக்க வந்துவிட்டார்கள். ஆள் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். ஹார்லிக்சைக் கமலா திருப்பிக் கொடுக்கப் போக, வேண்டாம் வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் உதவும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதனால் பின்பக்கம் சமையலறைக்குக் குடிபெயர்ந்தேன். கிரைண்டரை நகர்த்தினால் ஒரு ஆள் உட்கார்ந்து எழுத இடம் இருக்கிறது. அங்கே போன பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கங்கள் வரத் தொடங்கின. நிதானமாக, தினமும் ஒரு பக்கம், சில நாள் அரைப் பக்கம். பழக்கம் பிடிபட்டுவிட்டது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

முதலில் எழுதியது எதை என்று நினைக்கிறாய்? திருவரங்குளம் பக்கத்தில் நாம் பார்த்தோமே, அந்தக் காளை.

நினைவிருக்கிறதா? வாடிவாசல் திறந்ததும் எல்லா மாடும் பாய்ந்து போயிற்று. அது மட்டும் நிதானமாக வெளியே வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்தது, அண்ணாந்து பார்த்தது, பிறகு மேலே கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. பிடிக்க நின்ற பையன்கள் கையை விரித்தபடி அப்படியே நின்றார்கள். மைக்காரர், "மாடு சாப்புடுது, மாடு சாப்புடுது, வீரர்கள் கொஞ்சம் பொறுங்கப்பா, சாப்புட்டு வரட்டும்" என்றார். மாட்டுக்காரப் பெண் வேலிக்கு வெளியே இருந்து கத்தினாள்: "அடேய் கருப்பா, எலை திங்கவாடா இங்கிட்டு வந்தே? வீட்ல இல்லாத எலையா? ஊரு முன்னால மானத்த வாங்குறியேடா." மறுநாள் உன் பேப்பரிலும் என் பேப்பரிலும் ஒரே தலைப்பு: காளைகள் சீறிப் பாய்ந்தன.

இதை எழுதி முடித்த அன்று கமலா காபி போட வந்தாள். பால் காயும் வரை தாளை எடுத்துப் படித்தாள். நான் எழுதியிருந்தது இதுதான்:

'வாடிவாசலிலிருந்து வெளியே வந்த காளை ஒன்று, அங்கு கட்டப்பட்டிருந்த மாவிலைத் தோரணத்தைத் தின்றதாகக் கூறப்படுகிறது. இதையடுத்து உரிமையாளர் காளையைக் கண்டித்ததாகத் தெரிகிறது.'

பால் பொங்கி வழிந்தது. அவள் அடுப்பை அணைக்கக்கூட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நீங்க அங்கதான நின்னீங்க?"

"ஆமா."

"மாடு தின்னுச்சா, திங்கலையா?"

"தின்னுச்சு."

"அப்புறம் யாரு கூறுனா?"

யாரும் கூறவில்லை. நான் பார்த்தேன்.

"நம்ம கல்யாணத்தப் பத்தி எழுதுனா எப்படி எழுதுவீங்க? கமலாவைத் திருமணம் செய்துகொண்டதாகக் கூறப்படுகிறதுன்னா?"

"இருதரப்பு உறவினர்கள் முன்னிலையில்னு சேத்துக்குவேன்" என்றேன். கரண்டியைக் காட்டினாள்.

அதற்குள் எழுதியிருந்த பக்கங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் கூறப்படுகிறது, தெரிகிறது, சொல்லப்படுகிறது. ஸ்கூட்டரில் நீ முன்னால் உட்கார்ந்து ஓட்டியதுகூட 'ஓட்டிச் சென்றதாகத் தெரிகிறது'. உன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எழுதுகிற லட்சணமா இது? அந்தச் சொல் நிருபனுக்கு ஹெல்மெட் மாதிரி. போட்டுக்கொண்டால் வழக்கு வராது, மறுப்பு வராது. எனக்கு அதைக் கழற்றத் தோன்றவே இல்லை; போட்டுக்கொண்டே சாப்பிட்டு, போட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

நீ ஏன் அந்த நேரத்தில் எழுதினாய் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. விடியுமுன் யாரும் எதையும் கூறியிருப்பதில்லை. அதிகாரி எழுந்திருக்கவில்லை, செய்திக்குறிப்பு வரவில்லை, கேட்டு உறுதி செய்ய ஆளில்லை. நான் பார்த்தது மட்டும் என்னிடம் இருக்கிறது. நான்தான் ஆதாரம். இதை நீ ஒரு தடவையாவது எனக்குச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அல்லது சொல்லி, நான் தூக்கக் கலக்கத்தில் கேட்காமல் விட்டேனா?

மறுநாள் எல்லாவற்றையும் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். 'காளை தோரணத்தைத் தின்றது' என்று எழுதினேன். மூன்று சொல். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வேகம் பிடித்துவிட்டது. சித்தன்னவாசலில் கூரை ஓவியத்தை அண்ணாந்து பார்த்த அந்தச் சிறப்பு விருந்தினர், கழுத்து பிடித்துக்கொண்டு, பேட்டி முழுவதையும் வானத்தைப் பார்த்தே கொடுத்தாரே, அதை ஒரே காலையில் எழுதினேன். அன்றைக்கு நீ உன் செய்தியில் 'தொலைநோக்குடன் பேசினார்' என்று எழுதி, அது அப்படியே அச்சாகி, அவர் ஆபீசிலிருந்து உனக்கு நன்றி சொன்னார்கள். எழுதும்போது சமையலறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதும் நேரமெல்லாம் நீ ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கிறாய், மாப்ள. காற்றில் உன் பேச்சு பாதிதான் கேட்கிறது; நான் "என்னா? என்னா?" என்கிறேன். பேனாவை மூடும்போதுதான் நீ இல்லை. அந்த ஒரு நிமிஷம் கஷ்டமாக இருக்கிறது. நீ இருந்தவரை உன் போன்தான் எனக்கு அலாரம். "மச்சான், எந்திரிச்சாச்சா? நான் எழுதி முடிச்சாச்சு" என்பாய். இப்போது அந்த நேரத்தில் நானும் எழுதி முடித்திருக்கிறேன், சொல்லத்தான் ஆளில்லை. அதற்காகத்தான் தினமும் கடைசியில் உனக்கு இரண்டு வரி எழுதிவைக்கத் தொடங்கினேன். அந்த வரிகள் சேர்ந்ததுதான் இந்தக் கடிதம்.

மற்ற செய்திகள். ஐப்பசி மழை நன்றாகவே பெய்கிறது. உன் வீட்டுப் பின்னால் கண்மாய் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. ஸ்கூட்டரை ஸ்டெல்லா விற்கவில்லை. வாரம் ஒருமுறை நான் போய் ஸ்டார்ட் செய்துவிட்டு வருகிறேன். எனக்கு அது உடனே கிளம்புவதில்லை, உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறது. ஸ்டெல்லா படியில் நின்று, "அவருக்கு ஒரே ஒதையில கெளம்பும்ணே" என்கிறாள். ஆறுதலாகச் சொல்கிறாளா, கேலியா என்று இன்னும் உறுதியாகவில்லை.

நம் இருவர் பாதியையும் படித்த பதிப்பாளர் போன வாரம் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். உன் பாதியில் அந்தக் காளை செவலை. என் பாதியில் கருப்பு. எது சரி என்று கேட்டார். பேரே கருப்பன், அந்தப் பெண் கூப்பிட்டதை நாம் இருவரும் கேட்டோம், இதில் என்ன சந்தேகம் என்றேன். பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா சொன்னாள்: "எங்க வீட்டு நாய்க்கு ராஜான்னு பேருண்ணே."

இரண்டையும் அப்படியே விட்டுவிட்டோம். செவலையும் இருக்கட்டும், கருப்பும் இருக்கட்டும். தோரணம் தின்றதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

இனி நிலுவையில் இருப்பது. முன்னுரை மட்டும் பாக்கி. வரும் திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்கிறார் பதிப்பாளர். அது போய்விட்டால் கார்த்திகைக்குள் மெய்ப்புத் திருத்தம், ஜெரால்டு வந்து இறங்குவதற்கு முன் புத்தகம் என்று கணக்குச் சொல்கிறார்.

முன்னுரையில் ஒரு சொல்லில் நிற்கிறேன். இன்று காலை 'நான்' என்று தொடங்கிப் பார்த்தேன். இறந்தவருக்காக உயிரோடு இருப்பவர் பேசுகிற தொனி வந்துவிட்டது. ஸ்டெல்லாவிடம் போனில் படித்துக் காட்டினேன்.

"ஒத்தையா நின்னு பேசுற மாதிரி இருக்குண்ணே" என்றாள். "நாங்கள்னு போடுங்க."

"அவன் இல்லாதப்ப எழுதுற முன்னுரை, தங்கச்சி. அவன கேக்காம எப்படி அவனையும் சேத்துப் போடுறது?"

"இருந்தப்ப மட்டும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா செஞ்சீங்க?"

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யோசித்துப் பார்த்தேன். உன்னிடம் பேசும்போது நான் இன்னும் 'நாம்' என்றுதான் சொல்கிறேன்; இந்தக் கடிதத்திலேயே எத்தனை இடம். அந்தப் பக்கம் வாசகரைப் பார்த்துத் திரும்பினால், நீ என் பக்கத்தில் நிற்கிறாய். அங்கே சொல் 'நாங்கள்'. நம் மொழி இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. உன்னை விட்டுவிட்டுச் சொல்ல வேண்டுமானால்தான் 'நான்'. அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு என்ன வந்தது?

ஆகவே வாக்குக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை விடியுமுன் முன்னுரை முடிந்திருக்கும். முதல் சொல் 'நாங்கள்' என்று இருக்கும். உனக்கு ஆட்சேபம் இருந்தால் அதற்குள் தெரிவி. உன் மறுப்பும் அதே பக்கத்தில், அதே அளவில் வெளியிடப்படும். ஒன்றும் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

எப்போதும் உன் பின் சீட்டில் இருக்கும்,
உன் மச்சான்
சுப்பையா